ஒரு குறுந்தட்டைப் பலரும் படிப்பது எப்படி?



உங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம், பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கை, இவற்றுக்கு நடுவே உறை கிழிந்த ஒரு குறுந்தட்டு கிடக்கக்கூடும். அக்காளின் திருமணமோ, கோயில் திருவிழாவோ, பள்ளியின் பரிசளிப்பு விழாவோ அதில் இருக்கும். அதைப் போட்டுப் பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆயின? போட்டுப் பார்க்க வீட்டில் கருவி இருக்கிறதா? இன்று கடைகளில் விற்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குக் குறுந்தட்டு நுழையும் வாயே இல்லை.

ஒரே ஒரு குறுந்தட்டை, அது கை மாறாமலேயே, பல கணினிகளில் பலரும் ஒரே நேரத்தில் படிக்கும் வழி ஒன்று உண்டு. யூனிக்ஸ் என்னும் கணினி இயக்க முறையில் இதற்கென்றே ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதை இன்றைய உரையில் சொல்லப் போகிறேன். நான் அந்த ஒழுங்கைக் காலம் கடந்துதான் கையாண்டேன். அதனால் நேர்ந்த இழப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நான் பணிக்குச் சேர்ந்த புதிது. பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பெரியவர்கள் பிள்ளைகளோடு பட்டணத்துக்குப் போய்விடுவதற்கு முன் அவர்கள் கதையைப் பதிந்து வைக்க வேண்டும் என்று எண்ணினேன். மாலை வேளைகளில் ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாகப் போனேன். 1942 முதல் 1945 வரை சப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கு தின்று பிழைத்தது, விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனது, மழை வந்து மங்குகளில் இருந்த பாலெல்லாம் வீணானது என்று அவர்கள் சொன்னதையெல்லாம் பதிந்தேன். கருவியில் இடம் போதாது. ஆகவே அன்றன்றைய பதிவைக் கணினிக்கு மாற்றிவிட்டுக் கருவியில் அழித்துவிடுவேன். முடிவில் எல்லாவற்றையும் இரண்டு குறுந்தட்டுகளில் எழுதினேன். பள்ளிக் கணினியில் இடம் வேண்டும் என்று அங்கிருந்தும் அழித்துவிட்டேன்.

முதல் தட்டில் பால் வெட்டிய பெண்களின் குரல். இரண்டாம் தட்டில் ஆண்களின் குரல். பெண்கள் பேசிய தட்டை எல்லாரும் விரும்பிக் கேட்டார்கள். நானும் கொடுத்தேன். அது ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போயிற்று. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கும் போயிற்று. ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, பெயர் எழுதியிருந்த மேற்பக்கத்தில் ஆழமான கீறல்கள் இருந்தன. கணினி அதை ஏற்க மறுத்தது. வாங்கிக் கேட்டவர்கள் மேல் குற்றமில்லை. படி எடுத்து வைக்காமல் கொடுத்த தவறு என்னுடையது. அந்தத் தட்டின் கடைசியில் பேசிய ஒரு பாட்டி, "நான் பேசுறத என் பேத்தி கேக்கணும், வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

எஞ்சியது இரண்டாம் தட்டு. கொடுத்தால் கெட்டுவிடும், பூட்டி வைத்தால் யாருக்கும் பயன்படாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா என்று எண்ணியபோதுதான், பயிற்சிக் கல்லூரியின் கணினி அறையில் நான் அரைகுறையாகக் கேட்ட ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. அந்தப் பாடத்தை இப்போது முறையாகப் பார்ப்போம்.

முதலில் குறுந்தட்டு என்பது என்ன? பிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த இந்தத் தட்டு, பாட்டுக் கேட்பதற்காக 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. குறுக்களவு 12 சென்டிமீட்டர்; கனம் 1.2 மில்லிமீட்டர். அடியில் தெளிந்த பிளாஸ்டிக். அதன் மேல் மெல்லிய உலோகப் பூச்சு. அதற்கும் மேல் அரக்குப் பூச்சும் பெயர் அச்சிட்ட பக்கமும். செய்தி முழுவதும் ஒரே ஒரு நீண்ட சுருள் கோடாக நடுவிலிருந்து விளிம்பை நோக்கி எழுதப்பட்டிருக்கும். அந்தக் கோட்டை நீட்டிப் போட்டால் 5 கிலோமீட்டருக்கும் மேல் வரும். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி அடியிலிருந்து பாய்ந்து, உலோகப் பூச்சில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக் கொண்டு படிக்கிறது.

இதிலிருந்து ஒன்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் நாம் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம். அங்கே ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் கனமான பிளாஸ்டிக் காவலாக இருக்கிறது. சிறு கீறலை மெருகேற்றிச் சரிசெய்யவும் கூடும். பெயர் எழுதிய மேற்பக்கத்தில் அந்தக் காவல் இல்லை. அங்கே கீறினால் உலோகப் பூச்சே பெயர்ந்துவிடும். பூச்சுப் போன இடத்தில் படிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. வீட்டில் எழுதும் தட்டுகளில் செய்தி ஒரு சாயப் படலத்தில் பதிகிறது. அந்தச் சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும். ஆகவே தட்டை விளிம்பில் பிடியுங்கள். கூரிய பேனாவால் அதன்மேல் எழுதாதீர்கள். சன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள்.

அடுத்து, தட்டில் உள்ளவற்றைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? தோட்ட அலுவலகத்தில் கிராணியார் வைத்திருந்த செக்ரோல் பதிவேட்டை எண்ணிக்கொள்ளுங்கள். யார் எந்த நிரை, எத்தனை நாள் வேலை என்று ஏட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். தட்டிலும் அப்படி ஒரு பதிவேடு உண்டு. எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று அதில் குறித்திருக்கும். இந்தப் பதிவேட்டையும் அதன்படி கோப்புகளை அடுக்கும் ஒழுங்கையும் சேர்த்துக் கோப்பு முறைமை என்கிறோம்.

தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பதிவேட்டு முறை வைத்திருந்தது. ஒருவர் எழுதிய தட்டை மற்றவர் கணினி படிக்காது. இதைத் தீர்க்க 1985ஆம் ஆண்டில் பல நிறுவனங்களின் வல்லுநர்கள் அமெரிக்காவின் தாகோ ஏரிக்கரையில் ஹை சியரா என்னும் விடுதியில் கூடிப் பேசினார்கள். அவர்கள் வகுத்த முறை சில மாற்றங்களுடன் 1988ஆம் ஆண்டில் ஐஎஸ்ஓ 9660 என்னும் அனைத்துலகத் தரமாயிற்று. அதன்படி தட்டு 2,048 பைட் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. முதல் 16 கட்டங்களை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த கட்டத்தில் சிடி001 என்னும் அடையாளச் சொல்லோடு பதிவேடு தொடங்குகிறது. எந்த நாட்டில், எந்தக் கணினியில் போட்டாலும் அங்கேதான் தேட வேண்டும்.

இந்தத் தரத்தின் முதல் படியில் கோப்பின் பெயர் எட்டு எழுத்து, ஒரு புள்ளி, மூன்று எழுத்து என்ற அளவுக்குள் அடங்க வேண்டும். யூனிக்ஸ்காரர்களுக்கு இது போதவில்லை. நீண்ட பெயர்களுக்கும், கோப்பு யாருடையது என்ற குறிப்புக்கும் இடம் தரும் ராக் ரிட்ஜ் என்னும் இணைப்பைச் சேர்த்துக்கொண்டார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஜோலியட் என்னும் வேறோர் இணைப்பைச் செய்தது. அதில் தமிழ் எழுத்தாலும் பெயர் வைக்கலாம். இதை நினைவில் வைத்திருங்கள்; பின்னால் இதனால் எனக்கு ஒரு சிக்கல் வந்தது.

இனி யூனிக்சுக்கு வருவோம். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கிய இயக்க முறை இது. அதே போக்கில் 1991ஆம் ஆண்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது லினக்ஸ். லினக்சைப் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆகவே பள்ளியில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கணினி ஒன்றில் அதை ஏற்றிக்கொண்டேன். எங்கள் கணினி அறையில் பத்துக் கணினிகள். தட்டு நுழையும் வாய் அந்தப் பழைய கணினிக்கு மட்டுந்தான் இருந்தது.

விண்டோஸ் கணினியில் ஒவ்வொரு கருவிக்கும் சி, டி, ஈ என்று தனித்தனி எழுத்து உண்டு. யூனிக்சில் அப்படியில்லை. இருப்பதெல்லாம் ஒரே மரம். அதன் வேரை ஒரு சாய்கோட்டால் குறிப்பார்கள். வேரிலிருந்து கிளைகள், கிளையிலிருந்து சிறு கிளைகள், அவற்றின் நுனியில் இலைகளைப் போலக் கோப்புகள். கோப்புகளைத் தாங்கும் கிளையை அடைவு என்கிறோம். குறுந்தட்டிலும் இப்படி ஒரு சிறு மரம் இருக்கிறது. ஆனால் தட்டைக் கணினியின் வாயில் வைத்தவுடன் அந்தச் சிறு மரம் பெரிய மரத்தோடு சேர்ந்துவிடுவதில்லை. சேர்த்துக் கட்ட வேண்டும்.

பால்மர நாற்றங்காலில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கன்றின் அடித்தண்டில் பட்டையைச் சிறு சன்னல்போல் கீறி, நல்ல இன மரத்தின் அரும்பை அதில் பதித்து, நாடாவால் சுற்றி ஒட்டுக் கட்டுவோம் அல்லவா? யூனிக்சிலும் அப்படித்தான். பெரிய மரத்தில் வெறுமையாக ஓர் அடைவைத் தெரிந்தெடுத்து, அதில் தட்டின் சிறு மரத்தை ஒட்டுக் கட்டுகிறோம். இதற்கு மவுன்ட் என்று பெயர். தமிழில் பொருத்துதல் என்று சொல்லலாம். பொருத்தியபின் தட்டு எது, கணினி எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. எல்லாம் ஒரே மரம்.

பொருத்துவதற்கு முன் ஒட்டுமிடத்தை உண்டாக்க வேண்டும். /எம்என்டி/சிடி என்று ஓர் அடைவு செய்துகொண்டேன். பிறகு கணினியின் தலைமைப் பயனராக, அதாவது ரூட் என்னும் அதிகாரத்தோடு, இந்தக் கட்டளையைக் கொடுத்தேன். நான் சொல்வது ஒலிதான். விசைப்பலகையில் இவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் தட்ட வேண்டும்.

மவுன்ட் -டி ஐஎஸ்ஓ9660 -ஓ ஆர்ஓ /டெவ்/எஸ்ஆர்0 /எம்என்டி/சிடி

இதை அச்சத்தோடு பார்க்க வேண்டாம். நான்கு கேள்விகளுக்கு நான்கு விடைகள், அவ்வளவே. என்ன வகைப் பதிவேடு? ஐஎஸ்ஓ9660. எந்த நிபந்தனையில்? ஆர்ஓ, அதாவது படிக்க மட்டும். எந்தக் கருவியிலிருந்து? /டெவ்/எஸ்ஆர்0, லினக்சில் முதல் குறுந்தட்டுக் கருவிக்கு அதுதான் பெயர். எந்த இடத்தில் ஒட்டுவது? /எம்என்டி/சிடி. அந்த இடத்தில் முன்பே ஏதேனும் கோப்பு இருந்தால், தட்டுப் பொருத்தியிருக்கும் வரை அது மறைந்திருக்கும், அழிந்துவிடாது. தட்டைக் கழற்றியதும் மீண்டும் தெரியும்.

இக்காலத்து லினக்ஸ் மேசைக் கணினிகள் தட்டை வைத்தவுடன் தாமாகவே பொருத்திக்கொள்ளும். சன் நிறுவனத்தின் சோலாரிஸ் என்னும் யூனிக்சும் முன்பே /சிடிரோம் என்ற இடத்தில் அவ்வாறு பொருத்தியது. என்றாலும் கட்டளையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தானாக நடப்பது நடக்காமல் போகும் நாளில் அது கை கொடுக்கும்.

எனக்கு அப்படித்தான் ஆயிற்று. தட்டுப் பொருந்தியது, ஆனால் கோப்புப் பெயர்களெல்லாம் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தன. நெஞ்சு திக்கென்றது. இந்தத் தட்டும் போய்விட்டதோ என்று பயந்தேன். உண்மையில் தட்டில் ஒரு குறையும் இல்லை. விண்டோஸ் கணினியில் எழுதியபோது பெரியவர்கள் பெயரைத் தமிழிலேயே வைத்திருந்தேன். அவை ஜோலியட் முறையில் பதிந்திருந்தன. எழுத்தை எந்த முறையில் காட்டுவது என்பதை லினக்சுக்கு நான் சொல்லவில்லை. ஆர்ஓ என்ற சொல்லை அடுத்து ஒரு காற்புள்ளி வைத்து, ஐஓசார்செட்=யூடிஎஃப்8 என்று சேர்த்து மீண்டும் பொருத்தினேன். கேள்விக்குறிகள் மறைந்து, அத்தனை பெயரும் தமிழில் வந்து நின்றன. தட்டுக் கெட்டுவிட்டது என்று எறிவதற்கு முன் இதையும் பார்த்துவிடுங்கள்.

சரி, ஒரு கணினியில் பொருத்தியாயிற்று. மற்ற ஒன்பதுக்கும் எப்படிக் கொண்டுபோவது?

தோட்டத்து வாசகசாலையை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு நாளிதழ் வரும். அதை ஆளுக்கு ஆள் வீட்டுக்கு எடுத்துச் சென்றால் பொழுது சாய்வதற்குள் கந்தலாகிவிடும். மேசைமேல் வைத்துவிட்டால் வந்தவர் எல்லாரும் படிக்கலாம். எழுதவோ கிழிக்கவோ கூடாது. வெளியே கொண்டுபோகவும் கூடாது. குறுந்தட்டைப் பகிர்வதும் அதே முறைதான்.

இதற்கான வழியை 1984ஆம் ஆண்டில் சன் நிறுவனம் உண்டாக்கியது. அதன் பெயர் என்எஃப்எஸ். வலையமைப்புக் கோப்பு முறைமை என்று பொருள். குறுந்தட்டுக் கருவி விலை மிகுந்திருந்த அந்நாளில், ஓர் அலுவலகத்தில் ஒரு கணினிக்குத்தான் அது இருக்கும். மற்றக் கணினிகள் கம்பி வழியே அந்தத் தட்டைத் தம் மரத்தில் ஒட்டுக் கட்டிக்கொள்ளும். அன்று கருவி விலை மிகுந்ததால் இந்த முறை வேண்டியிருந்தது. இன்று கருவியே அரிதாகிவிட்டதால் மீண்டும் வேண்டியிருக்கிறது.

பகிரும் கணினியில் எக்ஸ்போர்ட்ஸ் என்னும் ஒரு கோப்பு உண்டு. அதில் ஒரே ஒரு வரி எழுதினேன். எந்த அடைவைத் தருகிறோம், எந்தக் கணினிகளுக்குத் தருகிறோம், என்ன நிபந்தனையில் தருகிறோம் என்ற மூன்று செய்திகள் அந்த வரியில் இருக்கும்.

/எம்என்டி/சிடி 192.168.1.0/24(ஆர்ஓ)

நடுவில் உள்ள எண் எங்கள் கணினி அறையின் முகவரி வரம்பு. அதற்கு வெளியே உள்ள எந்தக் கணினிக்கும் இந்தத் தட்டுத் திறக்காது. இதில் கவனம் வேண்டும். என்எஃப்எஸ் சாதாரண அமைப்பில் கணினியின் முகவரியைப் பார்த்து நம்புகிறது, ஆளைச் சோதிப்பதில்லை. ஆகவே பள்ளிக்குள், வீட்டுக்குள் மட்டுமே இதை வைத்துக்கொள்ள வேண்டும். பொது இணையத்தில் திறந்து விடலாகாது.

வரியை எழுதியபின் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ என்ற கட்டளையால் அதை நடப்புக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மற்றக் கணினிகளில் போய், பழைய கணினியின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, அங்குள்ள அடைவு, இங்கே ஒட்டுமிடம் என்று வரிசையாகச் சொல்லி மவுன்ட் கட்டளையைக் கொடுக்க வேண்டும். விண்டோஸ் கணினிகளுக்குச் சாம்பா என்னும் மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை அது. யூனிக்ஸ் கணினி பகிர்வதை விண்டோஸ் கணினி தன் மொழியில் பெற்றுக்கொள்ள அது உதவுகிறது.

இங்கே வரிசை முக்கியம். முதலில் தட்டைப் பொருத்த வேண்டும். பிறகுதான் பகிர வேண்டும். நான் ஒருநாள் மாற்றிச் செய்துவிட்டேன். பகிர்வைத் திறந்து, ஒன்பது கணினிகளையும் இணைத்துவிட்டு, கடைசியில் தட்டைப் பொருத்தினேன். பிள்ளைகள் ஒன்பது பேரும், "ஐயா, உள்ளே ஒன்றுமே இல்லை!" என்றார்கள். அவர்கள் பார்த்தது தட்டை அன்று. தட்டுக்கு அடியில் மறைந்துபோன வெற்று அடைவை. மேசையை முதலில் காட்டிவிட்டுப் பிறகு நாளிதழை வைத்தால் வந்தவர் வெறும் மேசையைத்தானே பார்ப்பார்!

கழற்றுவதற்கும் ஒழுங்கு உண்டு. அதற்குரிய கட்டளை யூமவுன்ட். அன்மவுன்ட் என்று இருக்க வேண்டிய சொல்லில் முதலில் வரும் என் என்ற எழுத்தை விட்டுவிட்டார்கள். பலரும் அந்த எழுத்தைச் சேர்த்துத் தட்டிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று விழிப்பார்கள்.

சில நேரம் கட்டளையைச் சரியாகத் தட்டினாலும், கருவி பயன்பாட்டில் இருக்கிறது என்று கணினி மறுக்கும். தட்டுக் கருவியின் பொத்தானை அழுத்தினாலும் திறக்காது. இது பழுதன்று; காவல். ஆயாக்கொட்டகையில் கடைசிப் பிள்ளையின் தாய் வந்து தூக்கிச் செல்லும் வரை ஆயா கதவைப் பூட்டுவாரா? மாட்டார். அதுபோல் ஒருவர் கோப்பு ஒன்றைத் திறந்து வைத்திருந்தாலும், அந்த அடைவுக்குள் வெறுமனே நின்றுகொண்டிருந்தாலும், யூனிக்ஸ் தட்டை விடுவதில்லை. உள்ளே இருப்பது யார் என்று ஃபியூசர் என்னும் கட்டளை சொல்லிவிடும். மற்றக் கணினிகள் முதலில் கழற்ற வேண்டும். பிறகு பகிர்வை நிறுத்த வேண்டும். அதன்பின் இங்கே கழற்ற வேண்டும். கடைசியில் தட்டை எடுக்க வேண்டும். கட்டியதற்குத் தலைகீழ் வரிசை என்று நினைவில் வைத்தால் போதும்.

இப்படியாக எங்கள் இரண்டாம் தட்டைப் பிள்ளைகள் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். தட்டை ஒருவரும் தொடவில்லை. ஆனால் குரல் அடிக்கடி விட்டு விட்டு வந்தது. காரணம் என்ன? நல்ல தரமான குரல் பதிவு ஒன்றுக்கு விநாடிக்கு 16 கிலோபைட் போதும். பத்துப் பேருக்கு 160. பழைய கருவியே விநாடிக்கு அதைவிடப் பல மடங்கு தரும். அளவில் குறையில்லை. தட்டைப் படிக்கும் கண் ஒன்றுதான் என்பதே குறை. அது ஒரு பிள்ளைக்காக நடுவிலும், மறு பிள்ளைக்காக விளிம்பிலும் மாறி மாறி ஓட வேண்டியிருக்கிறது. பத்துப் பேர் நிரைக்கு ஒரே ஆள் பால் எடுக்க ஓடினால் என்ன ஆகும்? ஓட்டத்திலேயே பொழுது போய்விடும்.

இதற்குத் தீர்வு, தட்டு முழுவதையும் முதல் கட்டம் முதல் கடைசிக் கட்டம் வரை அப்படியே ஒரு கோப்பாகக் கணினியின் வன்தட்டில் படி எடுப்பது. டிடி என்னும் கட்டளை இதைச் செய்யும். தட்டு நிறைய இருந்தாலும் ஏறக்குறைய 700 மெகாபைட்தான் வரும். அந்தப் படிக் கோப்பையே தட்டுப்போல் பொருத்தலாம். மவுன்ட் கட்டளையில் லூப் என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். பகிர்வதெல்லாம் முன்போலவே. வன்தட்டின் கண் பல மடங்கு விரைவாக ஓடும். அதன்பின் குரல் தடையின்றி வந்தது. தட்டும் உறைக்குள் ஓய்வெடுத்தது. படியும் தட்டும் ஒன்றுதானா என்று அறியச் ஷா256சம் என்ற கட்டளை இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே எண்தொடர் வந்தால் ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை என்று பொருள்.

அப்போதுதான் அலமாரியில் கிடந்த முதல் தட்டு என் நினைவுக்கு வந்தது. எறிய மனமின்றி வைத்திருந்தேன். கெட்ட தட்டில் டிடி முதல் தடங்கலிலேயே நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ என்று மற்றொரு மென்பொருள் உண்டு. அது படிக்க முடியாத கட்டங்களைத் தாண்டிப் போய், படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து விட்டுப்போனவற்றை மீண்டும் மீண்டும் முயன்று பார்க்கும். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அதைத் தொடங்கிவிட்டுப் போனேன். திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தேன்.

குறுந்தட்டு நடுவிலிருந்து விளிம்புக்கு எழுதப்படுகிறது என்று சொன்னேன் அல்லவா? ஆழமான கீறல்கள் விளிம்பை ஒட்டியே இருந்தன. ஆகவே முதலில் பேசியவர்களின் குரல் பெரும்பாலும் கிடைத்துவிட்டது. கடைசியில் பேசிய பாட்டியின் பதிவில் நான்கு நிமிடம் மட்டும் கிடைத்தது. எஞ்சிய முப்பது நிமிடத்துக்கும் மேற்பட்ட பேச்சு, பெயர்ந்துபோன பூச்சோடு போய்விட்டது. அதை இனி எந்தக் கட்டளையாலும் கொண்டுவர முடியாது.

அந்த நான்கு நிமிடத்தை அவருடைய பேத்திக்கு அனுப்பி வைத்தேன். பட்டணத்தில் வேலை செய்யும் அந்தப் பெண் மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, "மிச்சம் எங்கே ஐயா?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

நேயர்களே! நம் முன்னோர் நாட்குறிப்பு எழுதி வைக்கவில்லை. விடியுமுன் எழுந்து காட்டுக்குப் போனவர்களுக்கு அதற்கு நேரமும் இல்லை. அவர்களுடைய முகமும் குரலும் பதிந்த பொருள்கள் மிகச் சிலவே. அவற்றுள் பல இத்தகைய தட்டுகளில் இருக்கின்றன. தட்டு மங்கிக்கொண்டிருக்கிறது, அதைப் படிக்கும் கருவியும் குறைந்துகொண்டிருக்கிறது. இரண்டில் எது முந்திப் போனாலும் இழப்பு ஒன்றுதான்.

ஆகவே இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள தட்டுகளைத் தேடி எடுங்கள். விளிம்பில் பிடித்து, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். தட்டுக் கருவி உள்ள கணினி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் இருக்கலாம். அண்டை வீட்டுத் தம்பியிடம் இருக்கலாம். முதலில் படி எடுங்கள். ஒன்றுக்கு இரண்டாக எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். பிறகு அந்தப் படியைப் பொருத்தி, படிக்க மட்டும் என்ற நிபந்தனையோடு குடும்பத்தார் எல்லாருக்கும் திறந்துவிடுங்கள். தட்டைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று நான் சொன்ன கட்டளைகள் சிலவே. ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். உங்கள் பாட்டியிடம் போய், "நீங்கள் பேசுங்கள், நான் பத்திரமாக வைத்திருப்பேன்" என்று சொல்லும் தகுதி அதனால் உங்களுக்கு வரும். எனக்கு அன்று அந்தத் தகுதி இல்லாமல் போயிற்று. உங்களுக்கு இருக்கட்டும்.